அப்டேட்டை நிறுத்தச் சொன்னது யார்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று நான் விசாரிப்பதில்லை. "விண்டோஸ் அப்டேட் ஓடுகிறதா?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: "அத கடையிலயே ஆஃப் பண்ணிக் குடுத்துட்டாங்க. சிஸ்டம் ஸ்லோ ஆகாதாமா."

ஏதோ உபகாரம் செய்து கொடுத்தது போன்ற மகிழ்ச்சி அந்தப் பதிலில் இருக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆனைமலையில் இருக்கும் பெரியப்பாவின் நினைவு வரும்.

பெரியப்பாவுக்குக் கொப்பரைக் களம் இருக்கிறது. தோப்புக்காரர்களிடம் தேங்காய் எடுத்து, உடைத்து, காயவைத்து, காங்கேயம் எண்ணெய் மில்களுக்கு அனுப்புவார். ஜிஎஸ்டி வந்த பிறகு நோட்டுப் புத்தகம் போதாது என்று பொள்ளாச்சியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினார். விண்டோஸ் 10, ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் "ஃப்ரீயாக" ஏற்றிக் கொடுத்தார்கள். அப்டேட்டையும் டிபெண்டரையும் நிறுத்தியும் கொடுத்தார்கள்.

2020-ம் ஆண்டு தை மாதம், மாசாணியம்மன் கோயில் குண்டம் திருவிழா முடிந்த வாரம். திருவிழாவில் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டுவதற்காக என் தம்பி முறைப் பையன் ஒருவன் அந்தக் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டர் ஒன்றின் கிராக் பதிப்பை டவுன்லோட் செய்தான். இயக்கினான். எடிட்டர் திறக்கவில்லை. சற்று நேரத்தில் திரையில் ஒரு கட்டம் வந்தது: விண்டோஸ் அப்டேட் நடக்கிறது, காத்திருக்கவும். பையன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பெரியப்பாவும் பார்த்திருக்கிறார்.

"ஏதோ அப்டேட்டுன்னு ஓடிக்கிட்டிருந்துது கண்ணு. அணைச்சா கெட்டுப் போயிருமோன்னு நாந்தான் உட்டுட்டேன்" என்று இரவு போனில் சொன்னார். நான் அப்போது கோவையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆனைமலைக்குப் போனேன்.

எல்லா பைல்களின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் ஒரு வால் ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் பைல். திறப்பதற்கான சாவியின் விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35,000 ரூபாய். ஆடித் தள்ளுபடி போல ஐம்பது சதவீதம்!

இது ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் வகை. பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகும் வைரஸ் அல்ல இது. வீட்டுக் கம்ப்யூட்டர்களே இதன் இலக்கு. கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் என்ற பெயர்களில்தான் இது பரவியது. பைல்களைப் பூட்டிக் கொண்டிருக்கும்போது பயனாளர் சந்தேகப்படாமல் இருக்க, போலியான விண்டோஸ் அப்டேட் கட்டத்தைக் காட்டும். உண்மையான அப்டேட் கட்டத்தை ஒருமுறையாவது பார்த்துப் பழகியிருந்தால் பெரியப்பாவுக்கு ஏதாவது வித்தியாசம் தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் கம்ப்யூட்டரில் ஓடிய முதல் அப்டேட்டே அதுதான்.

இந்த வைரஸ் பைல் முழுவதையும் பூட்டுவதில்லை. முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்த பைலுக்குத் தாவிவிடும். அதனால்தான் அத்தனை வேகம். பெரிய வீடியோ பைல்கள் சிலவற்றை ஓரளவு மீட்க முடிவதற்கும் அதுவே காரணம். கணக்கு பைல்கள் சின்னவை. அவை முழுதாகப் போய்விடும். பூட்டும்போது இன்டர்நெட் வழியே தன் சர்வரைத் தொடர்பு கொள்ள முடிந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்கென்று தனிச் சாவியை வாங்கிக் கொள்ளும். முடியாவிட்டால் தன்னுள்ளே இருக்கும் பொதுச் சாவியைப் பயன்படுத்தும். பொதுச் சாவி என்றால் மீட்க வாய்ப்பு உண்டு. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கென இலவச புரோகிராம் ஒன்றை வெளியிட்டிருந்தது. எங்கள் வீட்டில் நெட் நன்றாக வேலை செய்ததால் தனிச் சாவி. கதை முடிந்தது.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பென் டிரைவில், கம்ப்யூட்டரின் பின்னால் எப்போதும் செருகியபடியே. அதிலும் எல்லா பைல்களுக்கும் அதே வால்.

மில்களுக்கு அனுப்பிய கொப்பரைக்கு ஜிஎஸ்டி உண்டு. ஆகவே அந்தப் பில்களின் விவரம் ஜிஎஸ்டி தளத்தில் இருந்தது, எடுத்துவிட்டோம். ஆனால் தோப்புக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம்? அது எக்செல் பைலில் மட்டும். பெரியப்பா ஒவ்வொரு தோப்பாக டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய், "நான் உங்களுக்கு எவ்வளவு குடுத்திருக்கறனுங்க?" என்று கேட்க வேண்டியதாயிற்று. பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். சிலர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். முப்பது வருடமாக வியாபாரத்தில் இருக்கும் ஒருவர் அப்படிப் போய் நிற்பதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்டேட் ஓடியிருந்தால் மட்டும் தப்பித்திருப்பாரா? அப்டேட் மட்டும் காப்பாற்றியிருக்காது என்பதே உண்மை. பையன் தன் கையால் கிராக்கை இயக்கினான். விண்டோஸின் ஓட்டை வழியாக எதுவும் நுழையவில்லை. ஆனால் டிபெண்டர் உயிரோடு இருந்து, அதற்கான புதிய வைரஸ் பட்டியல் தினமும் வந்து கொண்டிருந்தால் அந்த பைலைத் தடுத்து நிறுத்த நல்ல வாய்ப்பு இருந்தது. அந்தப் பட்டியல் வருவதும் விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான். கடைக்காரர் ஏன் டிபெண்டரை நிறுத்தினார்? அவர் ஏற்றிய திருட்டு ஆக்டிவேட்டரை டிபெண்டர் பிடித்துவிடும் என்பதால். எந்த கிராக்கை டவுன்லோட் செய்தாலும் கூடவே ஒரு குறிப்பு இருக்கும்: முதலில் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இதை இயக்குங்கள். வீட்டுக்கு வருபவர் "முதலில் நாயைக் கட்டிப் போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள்" என்று சொன்னால் நாம் என்ன நினைப்போம்? கம்ப்யூட்டரில் மட்டும் மறுபேச்சின்றிச் செய்கிறோம்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிஎஸ்என்எல் நிறுவனம் 2005-ல் டேட்டாஒன் பிராட்பேண்ட் கொண்டு வந்தபோது குறைந்த கட்டணத் திட்டத்தில் மாதம் முழுவதற்கும் சில நூறு எம்.பி.தான் கிடைத்தது. எக்ஸ்பி-க்கு 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2 மட்டுமே 266 எம்.பி. அதை இறக்கினால் அந்த மாத நெட்டில் பெரும்பகுதி காலி. அன்று அப்டேட்டை நிறுத்தியவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது.

இரண்டாவது காரணம் பயம். 2008 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரு வேலை செய்தது. அப்டேட் வழியாக வந்த சோதனை புரோகிராம், எக்ஸ்பி திருட்டு காப்பி என்று கண்டுபிடித்தால், மணிக்கொரு முறை டெஸ்க்டாப்பின் பின்னணியைக் கறுப்பாக்கிவிடும். சீனாவில் பெரிய கூச்சலே எழுந்தது. நம் ஊர்க் கடைகளில் "அப்டேட் போட்டா ஸ்கிரீன் கறுத்துரும்" என்ற பாடம் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே அக்டோபரில் 23-ம் தேதி, வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல், மைக்ரோசாஃப்ட் ஓர் அவசர பேட்ச் வெளியிட்டது. மறுமாதமே கான்ஃபிக்கர் வந்தது. அந்த ஒரே ஓட்டையின் வழியே உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் நுழைந்தது; பென் டிரைவ் வழியாகவும் பரவியது. கறுப்புத் திரைக்குப் பயந்தவர்கள் கான்ஃபிக்கருக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். திருட்டு காப்பிகளுக்கும் பாதுகாப்பு பேட்ச்களைத் தானியங்கி அப்டேட்டில் அந்த நிறுவனம் தந்து கொண்டுதான் இருந்தது என்பது பலருக்கும் தெரியவில்லை.

இணைப்பு வேகமாகிவிட்டது. கறுப்புத் திரையும் பழங்கதை. பழக்கம் மட்டும் போகவில்லை. பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவில் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்பட்ட மென்பொருள்களில் 56 சதவீதம் லைசென்ஸ் இல்லாதவை. விற்பவர்கள் எடுத்த கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்த்தாலும், ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில் அரை மணி நேரம் நின்றவர்களுக்கு அந்த எண் ஆச்சரியம் தராது.

அப்டேட் இல்லாததால் மட்டுமே விழுந்த அடிக்கு உதாரணம் வேண்டுமானால், 2017 மே 12, வெள்ளிக்கிழமை தொடங்கிய வானாக்ரை. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ ரகசியமாக வைத்திருந்த ஒரு விண்டோஸ் ஓட்டை, ஏப்ரல் 14 அன்று ஒரு மர்மக் கும்பலால் வெளியிடப்பட்டது. அந்த ஓட்டை வழியாக வந்தது வானாக்ரை. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் வந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள அடுத்த கம்ப்யூட்டரைத் தானே தேடிப் போகும். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக யூரோபோல் அறிவித்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. சென்னை அருகே ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது. கேரளாவில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் பைல்கள் பூட்டிக் கொண்டன. அடுத்த வாரம் தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். நம் பொள்ளாச்சி ஜங்ஷனும் ஆனைமலை ரோடு ஸ்டேஷனும் அந்தக் கோட்டத்தில்தான் இருக்கின்றன. ரயில்கள் ஓடின, அலுவலக வேலை நின்றது.

கவனிக்க வேண்டிய தேதி மார்ச் 14. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அன்றே வெளியிட்டுவிட்டது. வைரஸ் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு! பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பழைய எக்ஸ்பி அல்ல, அப்டேட் போட்டிருக்கக் கூடிய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் புரோகிராம்களில் ஓட்டை இருக்கும். சோதித்துப் பார்த்த பிறகும் இருக்கும். விண்டோஸ் போன்ற கோடிக்கணக்கான வரிகள் கொண்ட புரோகிராமில் இல்லாமல் இருக்க வழியே இல்லை. ஆகவே ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை (நமக்கு அன்று இரவு) மைக்ரோசாஃப்ட் பேட்ச்களை வெளியிடுகிறது. பேட்ச் வந்தவுடன் வைரஸ் எழுதுபவர்கள் பழைய பைலையும் புதிய பைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். பிஏபி வாய்க்காலில் கரை பலவீனமான இடத்தைச் சிமெண்ட் பூசி அடைத்தால், எந்த இடம் பலவீனம் என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது அல்லவா, அதுபோல. பேட்ச் போட்டவருக்குக் கவலை இல்லை. போடாதவரின் நிலைமை, பேட்ச் வருவதற்கு முன்பு இருந்ததைவிட மோசம். எனவே அப்டேட்டை நிறுத்தி வைப்பவர் இருந்த இடத்திலேயே இருக்கவில்லை, மாதாமாதம் பின்னால் போய்க் கொண்டிருக்கிறார்.

"என் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2019 செப்டம்பர் 4 அன்று, அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டரில் மால்வேர் இருப்பதாக செர்ட்-இன் அமைப்பு எச்சரித்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியானபோது அணுமின் நிலைய நிர்வாகம் முதலில் மறுத்தது. மறுநாள் 30-ம் தேதி அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அது அணு உலையின் கண்ட்ரோல் சிஸ்டம் அல்ல, அலுவலக நிர்வாக நெட்வொர்க்கில் இன்டர்நெட்டுடன் இணைந்திருந்த ஒரே ஒரு ஊழியரின் கம்ப்யூட்டர் என்றது அறிக்கை. அந்த ஒரு கம்ப்யூட்டரால் நாடு முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் கம்ப்யூட்டரில் அணு ரகசியம் இருக்காது. பேங்க் பாஸ்வேர்டு இருக்கும். பெரியப்பா கம்ப்யூட்டரில் வந்த அதே ஸ்டாப் வகை, பைல்களைப் பூட்டியதோடு நிற்காமல் பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் இறக்கிவிட்டுப் போவதுண்டு. அன்று நான் செய்த முதல் வேலை, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அவருடைய பேங்க், இமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றியதுதான்.

சரி, பணம்? இருபதாயிரம் ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவரிடம் போய் ஒரிஜினல் விண்டோஸ் வாங்குங்கள் என்று சொன்னால் சிரிப்பார். அவர் சிரிப்பில் தவறில்லை. ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, சில கடைக்காரர்களுக்கும்கூட. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதிந்து வருகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. அதே எடிஷனை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி ஏற்றினால், நெட் இணைத்தவுடன் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஏற்கெனவே பணம் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய லேப்டாப்பில் "ஃபார்மட் போடணும்" என்று திருட்டுப் பதிப்பை ஏற்றித் தரும் கொடுமையை நானே பார்த்திருக்கிறேன். லேப்டாப்பைக் கடையில் விடும்போது எது எடிஷன் என்று குறித்து வைத்துக் கொண்டு, அதையே ஏற்றும்படி கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு பேட்ச் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களில் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். கம்பெனிகள் கழித்துக் கட்டிய ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் கோவைக் கடைகளில் மலிவாகக் கிடைப்பதன் மர்மம் இதுதான்.

அப்படி ஒன்று ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? லினக்ஸ் போடுங்கள். சிரிக்க வேண்டாம். நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் வகுப்பில் பலர் செய்த முதல் வேலை, கடையில் கொடுத்து பாஸை அழித்துவிட்டு கிராக் விண்டோஸ் ஏற்றியது. நானும் செய்தேன், ஆறே மாதத்தில் பென் டிரைவ் ஷார்ட்கட் வைரஸில் என் லேப்டாப் திணறியது. இன்று வீட்டில் பிரவுசர், லிப்ரே ஆபீஸ், படம் பார்ப்பது இவ்வளவுதான் தேவை என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். கணக்கு மென்பொருள்களில் பல விண்டோஸ் கேட்கும் என்பதால் பெரியப்பாவுக்கு மட்டும் இதை என்னால் சொல்ல முடியவில்லை.

அப்டேட் தொந்தரவு உண்மை. இல்லை என்று நான் சொல்லவில்லை. அவசரமாகப் பில் போடும்போது ரீஸ்டார்ட் கேட்டால் எனக்கும் எரிச்சல் வரும். அதற்கு அப்டேட்டைக் கொல்ல வேண்டாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே ஐந்து வாரம் வரை தள்ளிப் போடும் வசதி இருக்கிறது. வேலை நேரம் எது என்று குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்து வைத்தால் டேட்டா வீணாகாது. ஆனால் மாதம் ஒருமுறையாவது வைஃபை உள்ள இடத்தில் அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் பற்றிக் கேட்டால், என் கருத்து பல கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. ஒழுங்காக அப்டேட் ஆகும் விண்டோஸில் டிபெண்டர் போதும். ஆண்டுதோறும் ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்தவுடன் கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றாவிட்டால் அது பேக்கப் அல்ல.

ஏற்கெனவே மாட்டிக் கொண்டவர்கள் பணம் அனுப்பும் முன், யூரோபோலும் டச்சு போலீசும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் பூட்டிய பைல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சாவி இருந்தால் இலவசம். சாவி இல்லை என்றாலும் பூட்டிய பைல்களை அழிக்காமல் ஓரமாக வைத்திருங்கள். பின்னால் ஒருநாள் சாவி வெளியாவதுண்டு. செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெரியப்பா 35,000 கொடுக்கவில்லை. அதைவிட மிகக் குறைந்த விலைக்கு ஒரிஜினல் விண்டோஸ் வாங்கினோம். நிறுவும்போது நான் பக்கத்தில் இருந்தேன். கடையில் வேலை செய்யும் பையன் வழக்கம்போல, "அப்டேட்ட ஆஃப் பண்ணிரட்டுங்ளாண்ணா?" என்று கேட்டான். பெரியப்பா என்னைப் பார்த்துவிட்டு, "வேண்டாஞ்சாமி, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் பீரோவில் இருக்கிறது. தோப்பு முன்பணக் கணக்கை மட்டும் இப்போது நோட்டிலும் எழுதுகிறார். கம்ப்யூட்டரை நம்பலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பதில் சொல்லாமல் பேனாவை எடுத்துக் கொண்டார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.